பேரிடர் நிவாரணம் பெண்ணின் கைக்குச் சேர வேண்டும்

2020 மார்ச் 25-இல் பொது முடக்கம் தொடங்கியதும், ராஜகீழ்ப்பாக்கம், சேலையூர் போன்ற தென் புறநகர்ப் பகுதிகளில் வீட்டு வேலைக்குச் செல்லும் பெண்களுக்கு அடுக்ககங்களின் கதவுகள் மூடின, ஊதியமும் நின்றது.

இவர்களுக்கான நல வாரியம் 2007-இலேயே அமைக்கப்பட்டது. ஆயினும், பதிவு செய்யாதவருக்கு அதனால் பயனில்லை. மாநில அரசின் ரூ.1,000 குடும்ப அட்டைக்கு வழங்கப்பட்டது. அட்டை யார் கையிலோ, பணமும் அவர் கையில். மத்திய அரசின் மாதம் ரூ.500, ஜன் தன் கணக்குள்ள பெண்களுக்கு மூன்று மாதங்களே கிடைத்தது. வீட்டுக்குள் வன்முறைக்கு ஆளாகி, தொலைபேசியில் பேசவும் இயலாத பெண்களுக்காக, தேசிய மகளிர் ஆணையம் ஏப்ரல் 10-இல் வாட்ஸ்ஆப் எண்ணை அறிவிக்க நேர்ந்தது.

பெண்ணின் கணக்கிலேயே உதவியைச் சேர்க்க இயலும் என்பதை 2023 முதல் மகளிர் உரிமைத் தொகை காட்டிவருகிறது. வீட்டுப் பணியாளர்களை வார்டுதோறும் வாரியத்தில் பதிவு செய்யும் பணியைத் தொழிலாளர் துறையும் தாம்பரம் மாநகராட்சியும் இப்போதே தொடங்க வேண்டும். பேரிடர் வந்தபின் பட்டியல் தேடினால், நிவாரணம் மீண்டும் பெண்ணைக் கடந்தே செல்லும்.