உட்பொதி கருவிகளில் வலையமைப்புவழிக் கடிகார ஒத்திசைவு: இஎஸ்பி32 நுண்கட்டுப்படுத்தியை முன்வைத்து

ஆய்வுச்சுருக்கம்

மின்சாரம் நின்றவுடன் நேரத்தை இழந்துவிடும் சிறு கருவிகள், வலையமைப்பின் வழியாகத் தம் கடிகாரத்தைச் சரிசெய்துகொள்ளும் முறையை இக்கட்டுரை விளக்குகிறது. ஒத்திசைவின் கணக்கீடு, அமைவாக்கத்தின் படிநிலைகள், தவறான அமைவாக்கத்தால் விளையும் கேடுகள் ஆகியவை இதில் ஆராயப்பெறுகின்றன.

திறவுச்சொற்கள்: உட்பொதி கருவி, என்டிபி, எஸ்என்டிபி, இஎஸ்பி32, நேர வழங்கி.

முன்னுரை

மேசைக்கணினியில் ஒரு சிறு மின்கலம் கடிகாரத்தை ஓடச்செய்கிறது. உட்பொதி கருவிகள் பலவற்றில் அவ்வசதி இல்லை. இஎஸ்பி32 நுண்கட்டுப்படுத்திக்கு மின்சாரம் நின்று மீளும்போது அதன் கடிகாரம் 1970 சனவரி 1-லிருந்து தொடங்குகிறது. அக்கருவி பதிவுசெய்யும் வெப்பநிலை, மின்னளவு முதலிய தரவுகள் அனைத்தும் நேரத்தை இழந்தால் பொருளையும் இழக்கின்றன. எனவே ஒத்திசைவு இன்றியமையாததாகிறது.

நெறிமுறையும் கணக்கீடும்

டேவிட் மில்ஸ் உருவாக்கிய என்டிபி நெறிமுறை 1985-இல் ஆர்எஃப்சி 958 ஆக வெளியானது. அதன் நான்காம் பதிப்பு 2010-இல் ஆர்எஃப்சி 5905 ஆக வரையறுக்கப்பட்டது. இது யூடிபி 123-ஆம் வாயிலைப் பயன்படுத்துகிறது. சிறு கருவிகளில் இதன் எளிய வடிவமான எஸ்என்டிபி வழங்குகிறது.

இந்நெறிமுறை நான்கு நேரங்களைக் கருத்தில் கொள்கிறது. அவை கருவி வினவிய நேரம், வழங்கி அதனைப் பெற்ற நேரம், வழங்கி விடையளித்த நேரம், கருவி விடையைப் பெற்ற நேரம் என்பனவாகும். இவை முறையே 1000, 1120, 1125, 1045 மில்லிவிநாடிகள் எனக் கொள்வோம். முதல் இரண்டின் வேறுபாடு 120; பின் இரண்டின் வேறுபாடு 80. இவற்றின் சராசரியான 100 மில்லிவிநாடி கருவியின் பின்னடைவாகும். போக்குவரவுக்குச் செலவான காலம் 40 மில்லிவிநாடி. போகும் காலமும் வரும் காலமும் சமம் என்னும் எடுகோளே இக்கணக்கின் அடிப்படை. அவை 30, 10 எனப் பிரிந்திருப்பின் விடையில் 10 மில்லிவிநாடி பிழை நேரும்.

அமைவாக்கம்

முதலில் வழங்கியின் பெயர் குறிக்கப்பட வேண்டும். உள்வலையமைப்பில் நேர வழங்கி இருப்பின், டிஎச்சிபியின் 42-ஆம் விருப்பத்தேர்வு வழியாக அதன் முகவரியைப் பெறலாம். அடுத்தது இடைவெளி. இஎஸ்பி32-இன் மென்பொருள் தொகுப்பில் இயல்பான இடைவெளி ஒரு மணிநேரம். பத்து இலட்சத்தில் 20 பங்கு பிழையுள்ள குவார்ட்சுப் படிகம் ஒரு நாளில் ஏறத்தாழ 1.7 விநாடியும், ஒரு மணிநேரத்தில் 72 மில்லிவிநாடியும் விலகும். ஆதலால் தரவுப் பதிவுக்கு இவ்விடைவெளி போதுமானது.

மூன்றாவது நேர மண்டலம். போசிக்ஸ் முறையில் குறி தலைகீழாக அமையும். உலகப் பொதுநேரத்திற்கு ஐந்தரை மணி முந்திய இந்திய நேரத்திற்கு எதிர்க்குறியே இடப்பெறும். கூட்டல் குறி இட்டால் கருவி பதினொரு மணிநேரம் பின்தங்கிக் காட்டும். எனவே பதிவுகளைப் பொதுநேரத்தில் சேமித்து, காட்சிக்கு மட்டும் மண்டலத்தை மாற்றுவது நன்று.

பாதுகாப்புச் சிக்கல்

டிஎல்எஸ் சான்றிதழின் செல்லுபடிக் காலத்தைச் சரிபார்க்கச் சரியான நேரம் வேண்டும். 1970-இல் நிற்கும் கருவிக்கு எச்சான்றிதழும் இன்னும் நடைமுறைக்கு வராததாகவே தோன்றும். இச்சிக்கலைத் தவிர்க்கக் காலச் சரிபார்ப்பையே நீக்கிவிடுவது காலாவதியான சான்றிதழ்களுக்கு வாயில் திறப்பதாகும். ஒத்திசைவு முடிந்ததை உறுதிசெய்த பின்னரே பாதுகாப்பான இணைப்பைத் தொடங்குவது உரிய வரிசை. எனினும் எளிய எஸ்என்டிபி விடையின் உண்மைத்தன்மைக்கு உறுதியில்லை. டிஎஸ்3231 போன்ற மின்கலக் கடிகாரச் சில்லை இணைத்தால், வலையமைப்பு இல்லாத வேளையிலும் நேரம் நிலைக்கும். வழங்கி தரும் நேரத்தை ஒப்பிட்டுப் பார்க்கவும் இயலும்.

தவறான அமைவாக்கத்தின் விளைவு

2003-இல் விஸ்கான்சின்–மேடிசன் பல்கலைக்கழகத்தின் நேர வழங்கியை வினவல்கள் வெள்ளமாகத் தாக்கின. நெட்கியர் திசைவிகள் சிலவற்றின் நிலைபொருளில் அவ்வழங்கியின் முகவரி நிலையாகப் பொறிக்கப்பட்டிருந்தது. விடை கிடைக்காதபோது அவை விநாடிக்கொரு முறை மீண்டும் வினவின. முகவரியை நிலையாகப் பொறிக்காமல் பெயரைப் பயன்படுத்துதல், தோல்விக்குப் பின் இடைவெளியைப் படிப்படியாக நீட்டித்தல் ஆகிய இரண்டும் இந்நிகழ்வு உணர்த்தும் நெறிகளாகும்.

முடிவுரை

வழங்கி, இடைவெளி, மண்டலம், தொடக்க வரிசை ஆகிய நான்கும் சேர்ந்ததே ஒத்திசைவு அமைவாக்கம். என்டிபியின் 32 இருமவிநாடி எண்ணி 2036 பிப்ரவரி 7-இல் சுழியத்திற்குத் திரும்பும். இன்று நிறுவப்படும் கருவிகள் பல அந்நாளிலும் இயங்கக்கூடும் என்பதால், அம்மாற்றத்தையும் நிலைபொருள் இப்போதே கணக்கில் கொள்வது தேவையாகிறது.