ஒரே தாளில் நாலு கை

ஒருத்தர் மூங்கில் வரைவார், இன்னொருத்தர் பாறை, மூணாவது ஆள் குருவி. நாலாமவர் ஓரத்தில் கவிதை எழுதி முடிப்பார். இப்படி நண்பர்கள் கூடி ஒரே தாளில் வரைவது சீனர்களின் பழைய வழக்கம். மனஸ்தாபம் வராமல் எப்படித்தான் முடிகிறதோ!

சீனாவில் பிறந்து சிங்கப்பூரில் குடியேறிய லியூ காங், சென் சோங் சுவீ, சென் வென் சி, சியோங் சூ பியெங் நால்வரும் 1952-ல் சேர்ந்தே பாலித் தீவுக்குப் போனார்கள். அவரவர் படங்களைத் தனித்தனியாகத்தான் வரைந்தார்கள். ஆனால் தேடியது ஒன்றை. கற்றதோ சீன மைக்கோடும் மேல்நாட்டு எண்ணெய் வண்ணமும். வாழ்வதோ தென்னையும் வெயிலுமான மண்ணில். பிறந்த ஊரை மறக்க மனசில்லை, பிழைக்க வந்த ஊரும் அந்நியமாகிவிடக் கூடாதே! மூன்றையும் கலந்து பார்த்தார்கள். 1953-ல் சிங்கப்பூரில் கண்காட்சி வைத்தார்கள். பாலிப் பெண்ணை எதிரில் வைத்து சென் வென் சி வரைவதையே லியூ காங் 1954-ல் ஓவியமாக்கிவிட்டார்.

சிங்கப்பூரிலிருந்து உறவுக்காரர் யாராவது வந்தால், 1999-ல் வெளிவந்த வரிசையின் 50 வெள்ளி நோட்டைத் திருப்பிப் பாருங்களேன். சியோங்கின் கருவாடு காயவைக்கும் படமும், சென் வென் சியின் குரங்குகளும் பக்கத்தில் பக்கத்தில் இருக்கும். நோட்டில் தமிழிலும் ‘சிங்கப்பூர்’ என்று போட்டிருக்கும்.