கருமணலும் கணக்கும்

களியக்காவிளையைத் தாண்டிப் பாறசாலைக்குள் நுழைபவருக்கு, மாநிலம் மாறிவிட்டது என்பது பெயர்ப்பலகையின் எழுத்தைக் கண்ட பிறகே விளங்கும். 1956ஆம் ஆண்டு எல்லை வகுக்கப்பட்டபோது விளவங்கோடு சென்னை மாநிலத்தில் சேர்ந்தது. நெய்யாற்றின்கரை கேரளத்தில் நின்றது. பெண் கொடுத்துப் பெண் எடுக்கும் வழக்கமோ அந்த எல்லையை இன்றளவும் மதிக்கவில்லை.

அத்தகைய சம்பந்தம் ஒன்று அண்மையில் தடைப்படும் நிலைக்கு வந்தது. பிள்ளை வீடு பாறசாலைக்கு அருகில். பெண் மணவாளக்குறிச்சிக் கடற்கரையைச் சேர்ந்தவள். “கருமணல் ஊர்ப் பெண்ணுக்குப் பிறக்கும் குழந்தைக்குக் குறை வருமாம்” என்று யாரோ சொல்லிவிட்டனர். பிள்ளையின் தாயார் எனக்கு அத்தை முறை. “மக்களே, நீ சர்க்கார்க் காகிதமெல்லாம் மொழிபெயர்ப்பவனாயிற்றே, இது மெய்தானா?” என்று தொலைபேசியில் கேட்டார்.

கேள்வி பழையது. 1909ஆம் ஆண்டு ஷோம்பெர்க் என்னும் ஜெர்மானிய இரசாயன நிபுணர், மணவாளக்குறிச்சி மணலில் மோனசைட் என்ற தாது இருப்பதைக் கண்டார். அதிலுள்ள தோரியமே கதிர்வீச்சுக்குக் காரணம். கொல்லம் மாவட்டத்துச் சவறை, நீண்டகரைப் பகுதிகளிலும் இம்மணல் உண்டு. மக்கள் தலைமுறை தலைமுறையாக இதன்மேல் வாழ்ந்து வருவதால், இத்தகைய இடங்களில் பரம்பரை பற்றிய ஆராய்ச்சி நடத்தலாம் என 1959இல் உலக சுகாதார நிறுவனத்தின் நிபுணர் குழு கருதிற்று. 1960களில் ஆங்கிலேய விஞ்ஞானிகள் கேரளக் கரையின் எலிகளைக்கூட விட்டுவைக்கவில்லை. பிடித்து ஆராய்ந்தும் குறிப்பிடத்தக்க மாறுதலைக் கண்டாரில்லை.

அச்சத்திற்கு வித்திட்டது 1976இல் வெளிவந்த ஆய்வு. தில்லி அகில இந்திய மருத்துவ விஞ்ஞானக் கழகத்தார் சவறை, நீண்டகரைப் பகுதியில் 12,918 பேரைப் பார்வையிட்டு, அவர்களுள் 12 பேருக்கு டவுன் நோய்க்குறி இருக்கக் கண்டனர். ஒப்பிடுவதற்காக எடுத்துக்கொண்ட வேறிடத்து 5,938 பேரில் ஒருவருக்கும் அது இல்லை. பன்னிரண்டுக்குப் பூஜ்யம்! கேட்டவர் நெஞ்சில் தைக்காமல் இருக்குமா? ஆயினும் 12,918இல் 12 என்பது ஆயிரத்துக்கு ஒன்றுக்கும் சற்றுக் குறைவு. உலகெங்கும் பிறக்கும் குழந்தைகளில் காணப்படும் விகிதமும் ஏறத்தாழ அதுவே. ஆகவே விளக்கம் வேண்டுவது பன்னிரண்டுக்கா, பூஜ்யத்துக்கா என்ற ஐயம் எழுந்தது.

பின்னர் பாபா அணு ஆராய்ச்சி நிலையத்தார் 1995 முதல் 2012 வரை அக்கேரளக் கரையில் பிறந்த 1,41,540 குழந்தைகளைப் பரிசோதித்தனர். கதிர்வீச்சு மிகுந்த பகுதிக்கும் சாதாரணப் பகுதிக்கும் பிறவிக் குறைகளில் குறிப்பிடத்தக்க வேறுபாடு காணப்படவில்லை. திருவனந்தபுரம் மண்டலப் புற்றுநோய் மையத்தார் கருநாகப்பள்ளியில் 69,958 பேரைச் சராசரியாகப் பத்தரை ஆண்டுகள் கவனித்து, 2009இல் வெளியிட்ட முடிவும் இத்தன்மையதே. கதிர்வீச்சு கூடக் கூடப் புற்றுநோயும் கூடியதாக அவர்கள் காணவில்லை.

இவ்விடத்தில் என் தொழிலின் குற்றம் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். “வேறுபாடு காணப்படவில்லை” என்ற வாசகத்தை “ஆபத்து இல்லை” என்று பெயர்த்துவிட எங்கள் கை துறுதுறுக்கும். நானும் அவ்வாறு எழுதியதுண்டு. இரண்டும் ஒன்றல்ல. வலை வீசி மீன் அகப்படவில்லை என்பதற்கும், கடலில் மீனே இல்லை என்பதற்கும் உள்ள தூரம் அது. வலை பெரிதாயிருந்தால் நம்பிக்கை பெருகும், அவ்வளவே. மேலும், இவை மணல்மேல் வாழ்வதைப் பற்றிய ஆய்வுகள். மணலைத் தோண்டி எடுப்பதைப் பற்றியவை அல்ல. 2024இல் கிள்ளியூர் வட்டத்துக் கடலோர மக்கள் கருமணல் அகழ்வை எதிர்த்தபோது எழுப்பிய வினாக்களுக்கு இவற்றைக் காட்டி விடை கூறிவிட முடியாது.

இவ்வளவையும் பொறுமையுடன் கேட்ட அத்தை, “எதற்கு வம்பு? என் அண்ணன் மகளையே எடுத்துவிடலாமென்று பார்க்கிறேன்” என்றாரே பார்க்கலாம்!

பிறவிக் குறை எந்தச் சமூகத்திலும் நூற்றுக்கு இரண்டு மூன்று குழந்தைகளுக்கு நேர்வது. மாமன் மகள், அத்தை மகள் போன்ற நெருங்கிய உறவில் மணந்தால் அது ஏறத்தாழ இரட்டிப்பாகிறது. இருவருக்கும் பொதுவான பாட்டன் பாட்டியிடமிருந்து பழுதுற்ற ஒரே மரபணு இரு வழியாகவும் குழந்தையை வந்தடைய இடமிருப்பதே காரணம். “இரட்டிப்பு” என்று மட்டும் சொன்னால் அத்தை நடுங்கியிருப்பார். “நூற்றுக்குத் தொண்ணூற்று நான்கு குழந்தைகள் குறையின்றிப் பிறக்கும்” என்று மட்டும் சொன்னால் அலட்சியம் செய்திருப்பார். ஆகையால் இரண்டையும் சேர்த்தே சொன்னேன். அண்ணன் மகளென்றால், இரு குடும்பங்களிலும் முன்பு எக்குழந்தைக்கேனும் குறை இருந்ததா என்பதை மருத்துவரிடம் கூறி ஆலோசனை பெறவேண்டும். மணவாளக்குறிச்சிப் பெண்ணை மணலின் பெயரால் மறுப்பதற்கு, இதுவரை நடந்த ஆய்வுகளில் ஆதாரம் இல்லை என்றும் சொன்னேன்.