ஹெச்.எஸ்.ஏ உங்க வீட்டுக்கு செட் ஆகுமா? அமெரிக்காவில் வேலை பார்ப்பவர்கள் போட வேண்டிய கணக்கு

அக்டோபர், நவம்பர் வந்தாலே அமெரிக்காவில் வேலை பார்ப்பவர்களுக்கு ஹெச்.ஆரிடமிருந்து ஒரு மெயில் வரும். 'ஓப்பன் என்ரோல்மென்ட் தொடங்கிவிட்டது. அடுத்த ஆண்டுக்கான ஹெல்த் இன்ஷூரன்ஸைத் தேர்வு செய்யுங்கள்.' திறந்து பார்த்தால் இரண்டு, மூன்று பிளான்கள். ஒன்றின் பக்கத்தில் மட்டும் 'ஹெச்.எஸ்.ஏ' என்று இருக்கும்.

"டாக்ஸ் மிச்சம், கண்ணை மூடிக்கிட்டு எடு" என்பார் டீமில் ஒருத்தர். "ஆஸ்பத்திரி பில் வரும்போது தெரியும்" என்பார் இன்னொருத்தர். யார் சொல்றது சரி? அது உங்கள் வீட்டுக் கையிருப்பைப் பொறுத்தது.

ஹெச்.எஸ்.ஏ என்றால் என்ன?

ஹெல்த் சேவிங்ஸ் அக்கவுன்ட். மருத்துவச் செலவுக்கான தனி சேமிப்புக் கணக்கு. 2003-ல் வந்த சட்டத்தின்படி 2004 முதல் நடைமுறையில் இருக்கிறது. போடும் பணத்துக்கும், அது வளர்வதற்கும், மருத்துவத்துக்காக எடுப்பதற்கும் ஃபெடரல் வருமான வரி கிடையாது. சம்பளத்திலேயே பிடித்துப் போட்டால் சோஷியல் செக்யூரிட்டி, மெடிகேர் வரியான 7.65 சதவீதமும் பொதுவாக மிச்சம்.

2026-ல் தனிநபர் 4,400 டாலர், குடும்பம் 8,750 டாலர் வரை போடலாம். கம்பெனி போடுவதும் இதற்குள் அடக்கம். மீதிப் பணம் வருடக் கடைசியில் காலாவதி ஆகாது. வேலை போனாலும் கணக்கு உங்களுடையதுதான். வேலை போன பிறகு பழைய இன்ஷூரன்ஸைத் தொடர வைக்கும் 'கோப்ரா' பிரீமியத்தையும் இதிலிருந்தே கட்டலாம். ஹெச்-1பி விசாவில் இருப்பவர்களுக்கு இது சின்ன விஷயம் இல்லை.

அப்போ சிக்கல் எங்கே?

கம்பெனி வழியாக வேண்டுமென்றால், டிடக்டிபிள் அதிகமாக உள்ள பிளானை எடுத்தால்தான் ஹெச்.எஸ்.ஏ-வில் பணம் போட முடியும். டிடக்டிபிள் என்பது இன்ஷூரன்ஸ் கை கொடுக்கத் தொடங்கும் முன் நாம் கட்ட வேண்டிய தொகை. 2026-ல் குடும்ப பிளானுக்கு இது குறைந்தது 3,400 டாலர். வருடாந்தர செக்-அப், தடுப்பூசி போன்றவை மட்டும் இதில் சேராது. ஒரு வருடத்தில் உங்கள் பையிலிருந்து போகக்கூடிய உச்சவரம்பு 17,000 டாலர் வரை இருக்கலாம்.

ஒரு கணக்கு போட்டுப் பார்ப்போம்

எண்கள் உதாரணத்துக்கு மட்டும். உங்கள் பிளானின் எண்களைப் போட்டுக்கொள்ளுங்கள்.

* சாதாரண பி.பி.ஓ பிளான்: பிரீமியம் மாதம் 300 டாலர், உச்சவரம்பு 4,000.
* ஹெச்.எஸ்.ஏ பிளான்: பிரீமியம் மாதம் 150 டாலர், உச்சவரம்பு 8,000. கம்பெனி கணக்கில் போடுவது 1,000.

யாருக்கும் எதுவும் வராத வருடம்: பி.பி.ஓ-வில் செலவு 3,600. ஹெச்.எஸ்.ஏ பிளானில் 1,800-ல் கம்பெனியின் 1,000 கழித்தால் 800. லாபம் 2,800 டாலர்.

பிரசவமோ ஆபரேஷனோ வந்து உச்சவரம்பைத் தொட்ட வருடம்: பி.பி.ஓ-வில் 7,600. ஹெச்.எஸ்.ஏ-வில் 8,800. நஷ்டம் 1,200 டாலர்.

இங்கேதான் வரிச் சலுகை வருகிறது. நீங்கள் கட்ட வேண்டிய 7,000 டாலரையும் சம்பளத்திலிருந்து ஹெச்.எஸ்.ஏ வழியாகவே போட்டால், 22 சதவீத வரி அடுக்கில் இருப்பவருக்கு சுமார் 2,000 டாலர் வரி மிச்சம். பி.பி.ஓ எடுப்பவருக்கும் எஃப்.எஸ்.ஏ என்ற கணக்கில் கொஞ்சம் வரிச் சலுகை கிடைக்கும். அதையும் சேர்த்துப் பார்த்தால், மோசமான வருடத்தில் இரண்டும் கிட்டத்தட்ட சமம்.

ஆனால் அந்த 7,000-ஐப் போட முடிந்தால்தான் இந்தக் கணக்கெல்லாம். போட முடியாவிட்டால் கையில் மிஞ்சுவது அதிக டிடக்டிபிள் மட்டுமே.

ஜனவரி கேள்வி

எஃப்.எஸ்.ஏ-வில் முழு வருடத் தொகையும் முதல் நாளிலிருந்தே கிடைக்கும். ஹெச்.எஸ்.ஏ-வில் அதுவரை போட்ட பணம் மட்டும்தான். ஜனவரி மூன்றாவது வாரம் குழந்தையை எமர்ஜென்சிக்குத் தூக்கிக்கொண்டு ஓடினால், கணக்கில் ஒரு சம்பளப் பிடித்தம்தான் இருக்கும். டிடக்டிபிள் முழுவதையும் வேறு சேமிப்பிலிருந்து கொடுக்க முடியுமா? ஊருக்கு அனுப்பும் பணம், வீட்டு லோன் இஎம்ஐ எல்லாம் போக அது மிஞ்சுமா? பில்லுக்குப் பயந்து டாக்டரிடம் போவதைத் தள்ளிப்போடும் நிலை வந்தால், மிச்சம் பிடித்த வரிக்கு அர்த்தமே இல்லை.

நம்மவர்கள் கவனிக்க வேண்டியவை

* அப்பா, அம்மா: இந்தியாவிலேயே வசிக்கும் பெற்றோரின் மருத்துவச் செலவுக்கு இதை வரியில்லாமல் எடுக்க முடியாது. நீங்கள், உங்கள் கணவர் அல்லது மனைவி, அமெரிக்க வரி விதிப்படி உங்களைச் சார்ந்தவர்கள் ஆகியோருக்கு மட்டும்தான். இந்தியாவில் வசிப்பவர்கள், அமெரிக்கக் குடியுரிமை இல்லாவிட்டால், சார்ந்தவர்கள் பட்டியலில் வரமாட்டார்கள்.
* கணவர் அல்லது மனைவியின் எஃப்.எஸ்.ஏ: அவருடைய ஆபீஸில் பொது மருத்துவச் செலவுக்கான எஃப்.எஸ்.ஏ எடுத்திருந்தால், பொதுவாக உங்களால் ஹெச்.எஸ்.ஏ-வில் பணம் போட முடியாது. இருவரும் பேசி முடிவெடுங்கள்.
* மாநில வரி: கலிஃபோர்னியா, நியூ ஜெர்சி மாநில வரியில் இந்தச் சலுகை இல்லை.
* வேறு செலவுக்கு எடுத்தால்: 65 வயதுக்கு முன் என்றால் வருமான வரியோடு 20 சதவீத அபராதமும் உண்டு.

ஊருக்குத் திரும்பிவிட்டால்?

பணம் போகாது. அமெரிக்க இன்ஷூரன்ஸ் இல்லாமல் புதிதாகப் போட முடியாதே தவிர, இருப்பதைப் பயன்படுத்தலாம். சென்னையிலோ கோவையிலோ நீங்கள் எடுத்துக்கொள்ளும் சிகிச்சையும் தகுதியான மருத்துவச் செலவுதான். அமெரிக்க வரி விதி இதை ஏற்கிறது. பில், டாக்டர் சீட்டு இரண்டையும் பத்திரமாக வையுங்கள். கணக்கு தொடங்கிய பிறகு வந்த செலவு என்றால், பணத்தைப் பல வருடம் கழித்தும் எடுக்கலாம்.

முடிவு எப்படி?

டிடக்டிபிள் அளவுக்குக் கையிருப்பு இருக்கிறது, பெரிய சிகிச்சைத் திட்டம் எதுவும் இல்லை, கம்பெனியும் பணம் போடுகிறது. இந்த மூன்றுக்கும் 'ஆமா' என்றால் ஹெச்.எஸ்.ஏ நல்ல தேர்வு. அமெரிக்கா போய் ஒரு வருடம்கூட ஆகவில்லை, சேமிப்பு இனிமேல்தான், வீட்டில் குழந்தை வரப்போகிறது என்றால் இந்த வருடம் பி.பி.ஓ-வே நிம்மதி. மிச்சமாகும் பணத்தில் முதலில் ஒரு டிடக்டிபிள் அளவுக்குச் சேருங்கள். அடுத்த நவம்பரில் அதே மெயில் மறுபடியும் வரும். அப்போது மாறிக்கொள்ளலாம்.