கருப்பு வால்நட்: இடம் கேட்கும் மரம்

கடைகளில் வால்நட் என்றும் அக்ரூட் என்றும் விற்கப்படும் மெல்லிய ஓட்டுக் கொட்டை ஜக்ளன்ஸ் ரீஜியா என்னும் ஆசிய மரத்தினுடையது. அதன் பேரினத்தைச் சேர்ந்ததே ஆயினும், கருப்பு வால்நட் எனப்படும் ஜக்ளன்ஸ் நைக்ரா வட அமெரிக்காவின் கிழக்குப் பகுதிக்கு உரியது. ஆழமான வளமண்ணில் 100 அடி வரை உயரக்கூடிய இம்மரத்தை வீட்டுத் தோட்டத்தில் வைப்போர், எங்கே நடுவது என்பதைக் காட்டிலும் அதன் அருகே எதை நடாமல் விடுவது என்பதையே முதலில் எண்ண வேண்டியிருக்கிறது.

இதன் இலை, வேர், காயின் பச்சைத்தோல் ஆகியவற்றில் உள்ள நிறமற்ற சேர்மம் ஒன்று காற்றுப்பட்டதும் ஆக்சிஜனேற்றம் அடைந்து, ஜக்லோன் என்னும் நஞ்சாக மாறிப் பிற செடிகளின் மூச்சுவிடும் செயலைத் தடுக்கிறது. ஒரு தாவரம் தான் வெளியிடும் வேதிப்பொருளால் மற்றொன்றின் வளர்ச்சியை மட்டுப்படுத்தும் இவ்வியல்பு அல்லீலோபதி எனப்படும். தக்காளி, உருளைக்கிழங்கு, கத்தரி, ஆப்பிள் முதலியவை இதனால் வாடும் எனவும், பீன்ஸ், மக்காச்சோளம், வெங்காயம், கேரட் போன்றவை தாக்குப்பிடிக்கும் எனவும் தோட்டக்கலை நூல்கள் பட்டியலிடுகின்றன. எனினும், ஆய்வுக்கூடத்தில் தெளிவாகத் தெரியும் இந்நஞ்சின் வலிமையைத் திறந்த நிலத்தில் அளப்பது எளிதன்று. வாடிய செடிக்கு நிழலும் நீர்ப்பற்றாக்குறையும்கூடக் காரணமாகியிருக்கலாம். ஆயினும் காய்கறிப் பாத்தியை 50 முதல் 60 அடி தள்ளி வைப்பதே பாதுகாப்பானது. மரத்தை வெட்டிய பின்னும் மட்கும் வேர்களிலிருந்து ஜக்லோன் சில காலம் கசிந்துகொண்டிருக்கும்.

ஆணிவேர் விரைந்து ஆழம் செல்வதால் வளர்ந்த கன்றைப் பெயர்த்து நடுவது கடினம். எனவே, கொட்டையை மூன்று நான்கு மாதங்கள் ஈரமும் குளிரும் பட வைத்து, நிலையான இடத்திலேயே விதைப்பது வழக்கம். அணில்கள் தோண்டி எடுத்துவிடாதபடி மேலே கம்பி வலை போடவேண்டும் (காட்டில் இம்மரத்தைப் பரப்புவோரும் அவையே, புதைத்துவிட்டு மறந்த கொட்டைகளின் வழியாக).

நிறையக் காய்ப்பதற்குப் பத்தாண்டுகளேனும் ஆகலாம். டென்னிஸ் பந்தளவு பச்சைக்காய்கள் இலையுதிர் காலத்தில் தொப்பென்று விழுவதால், வண்டி நிறுத்துமிடத்தின்மேல் இதன் கிளை நீளாதிருப்பது நல்லது. தோலை உரிக்கும் கைகளில் பல நாள் போகாத பழுப்புக்கறை ஏறும். சாதாரணப் பாக்குவெட்டிக்கு மசியாத ஓட்டை உடைக்கச் சுத்தியல் வேண்டும். துப்பாக்கிக் கட்டைக்கும் உயர்ந்த அறைகலன்களுக்கும் விரும்பப்படும் இதன் மரத்தின் தூளைக் குதிரை லாயத்தில் பரப்புவதோ பெரும் பிழை; அதன்மேல் நிற்கும் குதிரைக்குச் சில மணி நேரத்திலேயே குளம்பு அழற்சி உண்டாகும்.