பட்டறைக்குப் போனதும் பழைய காரின் கோளாறு மறைந்துவிடுவது ஏன்?

வழியெல்லாம் மங்கி மங்கி எரிந்த முன்விளக்கு, பட்டறை வாசலில் பளிச்சென்று எரிகிறதா? கோளாறு எங்கும் போகவில்லை.

பேட்டரியின் எதிர்முனைக் கம்பியைக் காரின் இரும்பு உடலில் போல்ட்டால் இறுக்கியிருப்பார்கள். விளக்கு, ஹாரன், வைப்பர் எதில் ஓடிய மின்சாரமும் அந்த உடல் வழியாகத்தான் பேட்டரிக்குத் திரும்பும். 1985இல் வந்த முதல் புரோட்டோன் சாகாவிலும் இதே ஏற்பாடுதான்.

அந்த போல்ட் இணைப்புக்கு ஈரம்தான் எதிரி. மலேசியாவின் பத்து பாகாட்டையே எடுத்துக்கொள்ளுங்கள். மலாக்கா நீரிணையோர ஊர். காற்றில் எப்போதும் ஈரம். போதாக்குறைக்கு 2023 மார்ச்சில் வெள்ளம் வேறு நாள்கணக்கில் நின்றது. இணைப்பில் துரு படியாமல் என்ன செய்யும்?

துருவேறிய இணைப்பு, பாதி அடைத்த தண்ணீர்க் குழாய் மாதிரி. மூடியிருக்கும்வரை அழுத்தம் குறையாது. திறந்தால்தான் தண்ணீர் நூலாக வடியும். ஆகவே, எல்லாம் அணைந்திருக்கையில் மீட்டர் காட்டும் 12.6 வோல்ட்டை நம்பாதீர்கள். ஓடும்போது அதிர்வில் கம்பி அசைகிறது, அடைப்பு கூடுகிறது, குறைகிறது. நின்ற காரில் இது தெரியாது.

விளக்கைப் போடுங்கள். மீட்டரின் ஒரு முனையைப் பேட்டரியின் எதிர்முனையிலும் மறுமுனையை விளக்கைக் காரின் உடலோடு இணைக்கும் எர்த் கம்பியிலும் வைத்து, கம்பியை ஆட்டுங்கள். 0.2 வோல்ட்டைத் தாண்டினால் கோளாறு அந்த வழியில்தான். புது பேட்டரிக்குக் காசு கொடுக்கும் முன், அந்த வழியில் உள்ள போல்ட்டுகளைக் கழற்றி, உப்புத்தாளால் தேய்த்து, இறுக்கச் சொல்லுங்கள்.