சத்தியம் வாங்காதீர்கள்

டீ ஆறினால் ஆறட்டும், வேறு போட்டுக்கொள்ளலாம். நீங்கள் கேட்டது அவசரமாகப் பதில் சொல்லக்கூடிய கேள்வி இல்லை. பத்தாவது படிக்கிற பிள்ளை தன் உடம்பைத் தானே காயப்படுத்திக்கொள்கிறது என்று தெரிந்தால், பெரும்பாலான வீடுகளில் நடப்பது ஒன்றுதான். முதலில் அலறல், அப்புறம் திட்டு, கடைசியில், "என் தலைமேல அடிச்சு சத்தியம் பண்ணு, இனிமே செய்ய மாட்டேன்னு." பிள்ளையும் அழுதுகொண்டே சத்தியம் செய்யும். பிரச்சினை முடிந்தது என்று வீடு நினைத்துக்கொள்ளும். உண்மையில் அந்த இடத்தில்தான் சிக்கல் தொடங்குகிறது.

இது எங்கோ ஒரு வீட்டில் மட்டும் நடக்கிற அதிசயம் இல்லை. பல நாட்டு ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்தால், வளரிளம் பருவத்தினரில் 100-க்குச் சுமார் 17 பேர் ஒருமுறையாவது இப்படிச் செய்திருக்கிறார்கள். 12 முதல் 14 வயதுக்குள் தொடங்குவது அதிகம். பையன்களும் உண்டு. ஆத்திரத்தில் சுவரைக் குத்துகிறவனை நாம் 'கோபக்காரன்' என்று சொல்லிக் கடந்துவிடுவதால், அது கணக்கில் வருவதில்லை.

"எல்லாரும் தன்னைப் பார்க்கணும்னு செய்யறா" என்பார்கள். அப்படியானால் வெயில் காலத்திலும் ஏன் முழுக்கைச் சட்டை போட்டு மறைக்கிறாள்? யாரோ பார்க்க வேண்டும் என்றே செய்கிற பிள்ளையும் இருக்கலாம். கவனிக்கச் சொல்லிக் கேட்பதற்கு ஒரு பிள்ளை இவ்வளவு தூரம் போக வேண்டியிருக்கிறது என்றால், கவனிப்பதுதானே முறை?

ஏன் செய்கிறார்கள்? அவமானம், தனிமை, தன்மீதே வெறுப்பு, வீட்டுச் சண்டை, மார்க், வெளியே சொல்ல முடியாத பாலியல் சீண்டல் என்று பிள்ளைக்குப் பிள்ளை காரணம் மாறும். ஆனால் பலருக்கும் அந்த நேரத்தில் நடப்பது ஒன்றே. நெஞ்சுக்குள் தாங்க முடியாத கொந்தளிப்பு. உணர்ச்சி முழு வேகத்தில் இருக்கும் வயது அது. அதை அடக்கி நிதானிக்க உதவும் மூளையின் முன்பகுதி முழுதாக முதிர 25 வயதை ஒட்டி ஆகிவிடும். உடம்பு வலிக்கும்போது மனவலி கொஞ்ச நேரம் தணிகிறது. சிலருக்கு, மரத்துப்போன மனசில் ஏதோ ஓர் உணர்வாவது திரும்புகிறது. இதைக் கந்துவட்டிக் கடன் என்று வைத்துக்கொள்ளுங்கள். இன்றைய நெருக்கடி தீரும். நாளைக்குக் குற்றவுணர்ச்சியும் வெட்கமும் வட்டியாக ஏறும். அதை அடைக்க மறுபடி அதே ஆளிடம் போக வேண்டிவரும்.

இப்போது சத்தியத்துக்கு வாருங்கள். கடன்காரனிடம் போகாதே என்கிறோம், சரி. நெருக்கடிக்குப் பணம் எங்கே என்று சொல்லவில்லையே. அடுத்தமுறை தாங்காமல் செய்துவிட்டால், பழைய வலியோடு 'அம்மா தலையில் அடித்த சத்தியத்தை மீறிட்டேன்' என்ற பாரமும் சேரும். அதன்பின் அந்தப் பிள்ளை உங்களிடம் வாயே திறக்காது.

அமெரிக்க உளவியலாளர் மார்ஷா லினஹான் இப்படித் தங்களையே காயப்படுத்திக்கொள்பவர்களுக்கும் உதவும் டிபிடி என்ற சிகிச்சை முறையை உருவாக்கியவர். பதின்ம வயதில் தானே இப்படிக் காயப்படுத்திக்கொண்டு மருத்துவமனையில் கிடந்ததை 2011-இல் வெளிப்படையாகச் சொன்னார். உன் வலி உண்மை என்று முதலில் ஏற்றுக்கொள்வதும், அதைத் தாங்க வேறு வழி கற்றுக்கொடுப்பதும் அவர் முறையில் இணைந்தே போகும். சத்தியம் இரண்டாவதை மட்டும் கேட்கிறது, அதுவும் கற்றுக்கொடுக்காமல்.

வீட்டில் என்ன செய்யலாம்? முதலில் காயத்துக்கு மருந்து. பெரிய காயம் என்றாலோ, எதையாவது விழுங்கியிருந்தாலோ உடனே 108. பிறகு, "ஏன் இப்படிப் பண்ணே?" என்று கேட்காமல், "எது தாங்க முடியாமப் போச்சு?" என்று கேளுங்கள். பதில் வர நாளானாலும் காத்திருங்கள். சொந்தக்காரர்களிடம் புலம்பாதீர்கள். தினமும் கையை நீட்டச் சொல்லிச் சோதிக்காதீர்கள். அந்த உந்துதல் அலைபோல் ஏறும், இறங்கும்; ஏறுகிற நேரத்தைக் கடக்க என்ன உதவும் என்று பிள்ளையோடு சேர்ந்தே ஒரு பட்டியல் போடுங்கள். முகத்தில் குளிர்ந்த தண்ணீர், வேகமாக ஒரு நடை, மனசில் உள்ளதைக் கொட்டி எழுதுவது, எந்த நேரமும் எழுப்பக்கூடிய ஓர் ஆள். வீட்டிலுள்ள மாத்திரைகளையும் பூச்சிமருந்தையும் பூட்டி வையுங்கள்.

இப்படிக் காயப்படுத்திக்கொள்வது எல்லா நேரமும் சாக நினைத்துச் செய்வது இல்லை. ஆனாலும் பின்னாளில் தற்கொலை ஆபத்து கூடுகிறது என்பதால் அலட்சியம் கூடாது. "சாகணும்னு தோணுதா?" என்று நேராகவே கேளுங்கள். கேட்பதால் அந்த எண்ணம் விதைக்கப்படுவதில்லை. சொல்ல ஓர் இடம் கிடைக்கிறது. ஆமாம் என்றால் தனியாக விடாமல் அன்றே மருத்துவரிடம் கூட்டிப்போங்கள். அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளில் மனநலப் பிரிவு உண்டு. 2022-இல் தொடங்கிய டெலி மனஸ் என்ற மனநலத் தொலைபேசிச் சேவை, 14416 என்ற எண்ணில் இரவு பகலாகத் தமிழிலும் பேசும். போலீஸ் கேஸ் ஆகிவிடுமோ என்று பயந்து தள்ளிப்போட வேண்டாம். தற்கொலைக்கு முயன்றவரைக் கடும் மன அழுத்தத்தில் இருந்தவராகவே கருத வேண்டும், தண்டிக்கக் கூடாது என்கிறது 2017-ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டம்.

மறுபடி நடந்துவிட்டால் என்று கேட்கிறீர்கள். நடக்கலாம், ஒரே நாளில் நிற்கிற பழக்கம் இல்லை இது. அன்றைக்கு நீங்களாகக் கண்டுபிடித்தீர்களா, பிள்ளை தானே வந்து சொன்னதா என்று மட்டும் பாருங்கள். தானே வந்து சொன்னது என்றால், நீங்கள் சரியான வழியில்தான் போகிறீர்கள்.